செம்பனையின் எட்டு வரிகள்

இயற்கை கோலம் போடுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். சிப்பியின் சுருள், சூரியகாந்தியின் வித்தடுக்கு, வெடித்த வயலின் பிளவு, மானின் புள்ளி ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. வாசலில் கோலமிடும் பெண்ணுக்கு, முதற்புள்ளி வைக்கும்போதே எத்தனை வரிசை, எத்தனை புள்ளி என்பது தெரியும். முழு வடிவம் அவள் மனத்தில் முன்னரே நிற்கும். விரல் அதனைப் பின்தொடரும். இயற்கையின் கோலத்துக்கும் இவ்வாறு முழு வடிவத்தை முன்கூட்டி அறிந்த வரைபடம் ஒன்று உண்டோ? செடிகளின் இலையடுக்கைப் பொறுத்தவரை, அப்படியொரு வரைபடம் தேவையில்லை என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. ஒவ்வோர் இலையும் தன் அண்டையில் உள்ளவற்றுக்கு மட்டும் இடங்கொடுத்துத் தன் இடத்தைப் பெறுகிறது. சுருளும் வரியும் எண்ணும் அதிலிருந்து தாமே விளைகின்றன.

இதனைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செபராங் ஜெயாவிலிருந்து தெற்கே நிபோங் தெபால் நோக்கிச் செல்பவர், சாலையோரத்துச் செம்பனை ஒன்றின் அருகே வண்டியை நிறுத்தினால் போதும். செபராங் பிறை மண்ணுக்கு நம் முன்னோர் கரும்பு வெட்ட வந்தனர். பின்னர் ரப்பரும் தென்னையும் கண்டனர். செம்பனை பிற்பாடு வந்தது. மலாயாவில் அது வாணிகப் பயிராக முதன்முதலில் நடப்பெற்றது 1917-இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். பெயரில் ஒலிப்பது தென்னை, நட்டது ஆப்பிரிக்கப் பனை! அந்த வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும்.

செம்பனையின் அடிமரத்தைப் பாருங்கள். வெட்டப்பட்ட மட்டைகளின் அடிப்பகுதிகள் செதில் செதிலாக மரத்தைப் போர்த்தியிருக்கும். அவற்றின் இடுக்கில் பெரணி முளைத்திருக்கும். அச்செதில்கள் நேர்க்குத்தாக ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதில்லை. வளையம் வளையமாகவும் அமைவதில்லை. கயிறு முறுக்கியதுபோல் சாய்ந்த வரிகளாக மேலேறுகின்றன. ஒரு வரியில் சுண்ணாம்பால் குறியிட்டு, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எத்தனை வரிகள் என எண்ணினால் எட்டு வரும். அடுத்த மரத்திலும் எட்டே. பொறுமையுள்ளவர் எதிர்ப்புறமாகச் சாயும் வரிகளையும் தேடலாம். படுத்தாற்போல் சாய்ந்த ஐந்து வரிகள் கிடைக்கும். செங்குத்தாக ஏறும் பதின்மூன்றும் கிடைக்கும். ஏழும் ஒன்பதும் பத்தும் கிடைப்பது அரிது. தென்னையில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிபவை ஐந்து வரிகள். பிறைச் சந்தையில் ஓர் அன்னாசி வாங்கி அதன் கண்களை எண்ணினால், ஒரு பக்கம் எட்டும் மறுபக்கம் பதின்மூன்றும் காணலாம்.

தோட்டத்தில் இந்த எட்டு வரிகள் வெறும் அழகுக்காக இருப்பவை அல்ல. உரம் எவ்வளவு இடுவது என்பதே இவற்றைக் கொண்டுதான் முடிவாகிறது. செம்பனையில் முழுதும் விரிந்த இளைய மட்டையை ஒன்றாம் மட்டை என்பர். அதற்கு மூத்தது இரண்டு, அதற்கு மூத்தது மூன்று என எண் கீழிறங்கும். வளர்ந்த மரத்தின் சத்துநிலை அறிய, பதினேழாம் மட்டையின் நடுப்பகுதியிலிருந்து சிற்றிலைகளை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது உலகெங்கும் உள்ள வழக்கம். அது மிக இளையதும் அன்று, மிக முதிர்ந்ததும் அன்று. மரத்தின் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து நிலையை நடுநின்று காட்டுவது. நாற்பது அடி உயரத்தில் நாற்பது மட்டைகள் குழம்பிக் கிடக்கையில் பதினேழாவது எது என்று எப்படிக் கண்டறிவது?

இக்கேள்வியை நான் ஒருமுறை எங்கள் தோட்டத்து மூத்த தொழிலாளி ஒருவரிடம் கேட்டேன். "அதுல என்ன இருக்கு வாத்தியாரய்யா? ஒண்ணைப் பிடிங்க. அதுக்குக் கீழே கொஞ்சம் சாய்ஞ்சாப்ல இருக்கிறது ஒன்பது. அதுக்குக் கீழே அதே சாய்வுல பதினேழு. எட்டு எட்டா இறங்கணும்" என்றார். ஏன் எட்டு என்று கேட்டதற்கு, "மரம் அப்படி" என்றார். அவரிடம் எட்டாம் வாய்பாட்டைக் கொடுத்தவர்கள் அதன் காரணத்தைக் கொடுக்கவில்லை. இம்மண்ணின் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான நம் மக்கள் வாழ்நாள் முழுவதும் இவ்வாறு எண்ணியிருக்கிறார்கள். அவர்தம் பிள்ளைகளோ பள்ளியில் பிபொனாச்சி எண்களை எங்கோ இத்தாலியில் முயல் வளர்த்தவன் கதையாகப் படிக்கிறார்கள். இவ்விரண்டும் ஒன்றே என்று சொல்ல வேண்டிய இடத்தில் நிற்பவர்கள் ஆசிரியர்களாகிய நாமே என்பதால் இதனை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். செம்பனையில் ஒரு மட்டைக்கும் அடுத்துத் தோன்றும் மட்டைக்கும் இடையே உள்ள கோணம் ஏறத்தாழ 137½ பாகை. முழு வட்டம் 360 பாகை. எட்டு மட்டைகள் கடந்தால் 1100 பாகை. அதாவது மூன்று முழுச் சுற்றுகளும் 20 பாகையும். ஆகவே ஒன்பதாம் மட்டை ஒன்றாம் மட்டைக்கு நேர்கீழே நில்லாது 20 பாகை விலகி நிற்கும். பதினேழாவது மேலும் 20 பாகை விலகும். தொழிலாளி சொன்ன 'கொஞ்சம் சாய்ஞ்சாப்ல' என்பது இந்த இருபது பாகையே. ஐந்து மட்டைகளுக்குக் கணக்கிட்டால் இரண்டு சுற்றுக்கு 32½ பாகை குறையும். பதின்மூன்றுக்குக் கணக்கிட்டால் ஐந்து சுற்றுக்கு 12½ பாகை குறையும். கூடுவது ஒருபுறமும் குறைவது எதிர்ப்புறமும் சாய்கின்றன. எட்டின் வரிகளுக்கு எதிராக ஐந்தின் வரிகளும் பதின்மூன்றின் வரிகளும் ஓடுவதன் காரணம் இதுவே. இக்கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாததன்று.

இனி ஐந்து, எட்டு, பதின்மூன்று என்னும் எண்களுக்கு வருவோம். 1, 2, 3, 5, 8, 13, 21 என ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள இரண்டின் கூட்டலாக அமையும் வரிசை இது. பீசா நகரத்து லியோனார்தோ 1202-இல் எழுதிய நூலில் முயற்கணக்காக வந்ததால் அவருடைய மற்றொரு பெயரான பிபொனாச்சி இதற்கு நிலைத்தது. ஆயின் அதற்கு முன்னரே பாரதத்து யாப்பு நூலார் இவ்வரிசையை அறிந்திருந்தனர். குசராத்தில் வாழ்ந்த சமண அறிஞர் ஹேமசந்திரர் 1150-ஐ ஒட்டி இதனைத் தெளிவாகக் கூறியுள்ளார். அவருக்கு முன்பே விரகாங்கர், கோபாலர் என்போரும் கூறியுள்ளனர்.

தமிழாசிரியர்க்கு இதனை விளக்குதல் எளிது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது தொல்காப்பியம் முதல் நாம் படித்தது. குறிலும் நெடிலும் மட்டுமே கொண்டு மூன்று மாத்திரையை எத்தனை வகையில் நிரப்பலாம்? குறில்-குறில்-குறில், குறில்-நெடில், நெடில்-குறில் என மூன்று வகை. நான்கு மாத்திரைக்கு ஐந்து வகை, ஐந்துக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. ஏன் கூட்டல் வருகிறது? ஆறு மாத்திரை அடி குறிலில் முடிந்தால் அதற்கு முன் இருப்பது ஐந்து மாத்திரை. அதற்கு எட்டு வகை. நெடிலில் முடிந்தால் முன் இருப்பது நான்கு. அதற்கு ஐந்து வகை. எட்டும் ஐந்தும் பதின்மூன்று. வடமொழி, பிராகிருத யாப்பின் இலகு, குரு என்பவை நம் குறில் நெடிலோடு முற்றும் பொருந்தா. ஒற்றடுத்த குறில் ஆங்குக் குருவாகும். கணக்கு மட்டும் ஒன்றே.

இதைக் கொண்டு, நம் முன்னோர் செடிநூலைச் செய்யுள் நூலுள் மறைத்து வைத்தனர் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது பொருந்தாது. ஹேமசந்திரர் எண்ணியது மாத்திரைகளை, மட்டைகளை அன்று. அவர் செய்த அருஞ்செயல் அதுவாகவே பெருமைக்குரியது. பொய்ப்பூச்சு அதற்கு வேண்டியதில்லை. இதன் மறுபக்கமாக, இவ்வெண்களில் ஏதோ தெய்வக் குறியீடு உள்ளது, அழகிய பொருள் எல்லாம் இவ்வளவையே பின்பற்றும் என்று எழுதுவோரும் உண்டு. நத்தைச் சிப்பியை அளந்து பாராமலே அதனையும் இப்பட்டியலில் சேர்த்துவிடுவர். அழகான சுருளாகிய நாட்டிலசுச் சிப்பியை அளந்தவர்கள், அது இந்த அளவில் அமையவில்லை என்றே கண்டனர். சுருள் வேறு, இவ்வெண் வேறு.

அப்படியாயின் மாத்திரைக்கும் மட்டைக்கும் பொதுவாக இருப்பதுதான் யாது? இரண்டிலும் ஒரு கூட்டல் நடைபெறுகிறது. மட்டையில் அக்கூட்டல் நடக்கும் இடத்தைக் காண்போம்.

செம்பனையின் உச்சியில், குருத்துகளின் நடுவே மறைந்து, சில மில்லிமீட்டர் அளவே உள்ள வளர்நுனி ஒன்று இருக்கிறது. மட்டைகள் யாவும் அங்கே சிறு புடைப்புகளாகத் தொடங்குகின்றன. தொடங்கிய புடைப்பு வெளியே விரிந்த மட்டையாவதற்கு ஏறத்தாழ இரண்டாண்டு ஆகும். ஆகவே நாம் காணும் வரிகள் என்றோ அந்தச் சிறு மேட்டில் முடிவானவை. 1868-இல் செருமானியத் தாவரவியலார் ஹோப்மைஸ்டர் ஒரு விதியைக் கூறினார்: புதிய புடைப்பு, முன் தோன்றியவற்றினின்று மிக விலகிய, மிகப் பெரிய இடைவெளியில் தோன்றும் என்பது அது. பேருந்தில் ஏறுபவர் இருப்பவர்களை விட்டு விலகிய இடமாகப் பார்த்து உட்காருவதை ஒத்தது இது.

முதற் புடைப்பு எங்கேனும் தோன்றுகிறது. இரண்டாவது அதற்கு எதிர்ப்புறம் தோன்றும். மூன்றாவது இரண்டுக்கும் விலகி நிற்க வேண்டும். ஆயின் முதலாவது இப்போது நுனியிலிருந்து சற்று நகர்ந்துவிட்டது, இரண்டாவது இன்னும் அருகில் இருக்கிறது. ஆகவே மூன்றாவது முதலாவதன் பக்கமாகச் சற்றே ஒதுங்கி அமரும். இடமாக ஒதுங்கியதோ வலமாக ஒதுங்கியதோ, அன்றே அம்மரத்தின் சுருள் திசை முடிவாகிவிடும். பின் வருபவை அதனையே பின்பற்றும்.

வளர்நுனி பெருக்கப் பெருக்க, அதனோடு ஒப்பிடுகையில் புடைப்புகள் சிறியனவாகின்றன; கூட்டம் நெருங்குகிறது. அப்பொழுதுதான் கூட்டல் நிகழ்கிறது. ஒரு புதிய புடைப்பு, தனக்கு இரண்டு இடம் முன்னதையும் மூன்று இடம் முன்னதையும் இருபுறத் துணையாகக் கொண்டு நிற்பதாக எண்ணுங்கள். நெருக்கம் மிகும்போது அவ்விரண்டுக்கும் இடையே கீழிருந்து ஒன்று வந்து முட்டும். அது எத்தனை இடம் முன்னது? தன்னினின்று இரண்டு பின்சென்று, அங்கிருந்து மேலும் மூன்று பின்சென்றால் கிட்டுவது. ஐந்து இடம் முன்னது. இப்பொழுது துணைகள் மூன்றும் ஐந்தும். மேலும் நெருங்கினால் ஐந்தும் எட்டும். மேலும் நெருங்கினால் எட்டும் பதின்மூன்றும். யாப்பில் 'இறுதி எழுத்து குறிலா நெடிலா' என்ற பிரிவு செய்த வேலையை, மரத்தில் அண்டை வீட்டாரின் நெருக்கம் செய்கிறது. மரம் எண்ணவில்லை. 137½ பாகை அதற்குத் தெரியாது. நெருக்கம் மெல்ல மெல்லக் கூடுகையில் கோணம் அவ்வளவை நோக்கித் தானே ஒடுங்குகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கோ என்னும் ஐயத்தை 1992-இல் பிரெஞ்சு இயற்பியலார் துவாதி, கூதேர் என்னும் இருவர் தீர்த்தனர். எண்ணெய் நிரம்பிய தட்டின் நடுவே காந்தத் தன்மை கொண்ட நீர்மத்துளிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்டவிட்டனர். காந்தப் புலத்தால் துளிகள் விளிம்பு நோக்கி நகர்ந்தன. ஒன்றையொன்று விலக்கவும் செய்தன. மெதுவாகச் சொட்டியபோது துளிகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக விழுந்தன. சொட்டும் வேகத்தைக் கூட்டக் கூட்ட, சூரியகாந்திச் சுருள்கள் தோன்றின. அவற்றை எண்ணினால் ஐந்து, எட்டு, பதின்மூன்று! அத்தட்டில் உயிரும் இல்லை, விதையும் இல்லை, மரபுப் பண்பும் இல்லை.

செடியில் விலக்கும் வேலையைச் செய்வது காந்தம் அன்று. ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள். ஒவ்வோர் இளம் புடைப்பும் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சினை இழுத்துக்கொள்கிறது. ஆகவே அதன் அருகே வேறொன்று தோன்றப் போதிய ஆக்சின் இராது, தொலைவில்தான் திரளும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள், ஆக்சின் ஓட்டத்தைத் தடுத்து இலை விடாமல் நிறுத்திய தக்காளி நுனியில், ஒரு துளி ஆக்சினை ஓரிடத்தில் வைத்தனர். வைத்த இடத்தில் இலை முளைத்தது. அது 2000-இல். அவ்வோட்டத்தை நடத்தும் புரதத்தைக் கொண்டு முழு விளக்கமும் 2003-இல் வெளிவந்தது. கணிப்பொறியின் தந்தையருள் ஒருவராகிய ஆலன் டூரிங், உயிர்களின் வடிவம் வேதிப்பொருள்களின் பரவலாலும் வினையாலும் விளையக்கூடும் என்று 1952-இலேயே எழுதியவர். 1954-இல் மறையும்வரை இந்த இலையடுக்கு எண்களோடே போராடிக்கொண்டிருந்தார்.

எல்லாச் செடியும் இவ்வெண்களைக் காட்டும் என்று கருதிவிடலாகாது. கரும்பின் தோகைகள் இருபுறமும் மாறி மாறி வருகின்றன. பினாங்குப் பூங்காக்களில் விசிறி வாழை அதையே பெரிதாக விரித்துக் காட்டுகிறது. துளசியும் எருக்கும் இரண்டிரண்டு இலைகளாக விடுகின்றன. ஒவ்வோர் இணையும் முந்தைய இணைக்குக் குறுக்கே நிற்கும். இவை விதியை மீறியவை அல்ல. இடைவெளியில் அமர்தல் என்னும் அதே விதி, நெருக்கம் குறைந்த இடத்திலும் இரண்டிரண்டாகத் தொடங்கும் இடத்திலும் தரும் விளைவே இவை. சில மரங்களில் 4, 7, 11 என்ற வேறொரு வரிசையும் தலைகாட்டும். அதிலும் கூட்டல் உண்டு. தொடக்கம் மட்டும் வேறு. மாணவன் எண்ணி ஏழு என்று சொன்னால் எட்டு என்று திருத்தி எழுதச் சொல்லாமல், உடன் சென்று மரத்தைப் பார்ப்பதே ஆசிரியர்க்கு அழகு.

சுருள் திசை பற்றி மேலே சொன்னோம். அதனைத் தொடர்ந்து சென்றவர் அந்தோணி டேவிஸ் என்னும் இந்தியத் தாவரவியலார். கேரளத்துக் காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, பின் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அறிஞர் ஹால்டேனின் ஊக்கத்தால் ஆய்ந்தவர். பிற்காலத்தில் நாகர்கோவிலில் ஹால்டேன் பெயர் தாங்கிய ஆய்வகத்திலிருந்து எழுதியவர். தென்னைகளுள் ஏறத்தாழப் பாதி இடச்சுருள், பாதி வலச்சுருள். இடச்சுருள் மரம் இரண்டைக் கலந்தாலும், வலச்சுருள் இரண்டைக் கலந்தாலும், பிள்ளைகள் பாதிக்குப் பாதியே. ஆகவே திசை தாய்தந்தையரிடமிருந்து வருவதன்று. இதுவரை எவரும் எதிர்பார்க்கக்கூடியதே. ஆயின் பல்லாண்டுக் காய்க்கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, இடச்சுருள் மரங்கள் சராசரியாக மிகுதியாகக் காய்த்தன என்று அவர் வெளியிட்டார். பின்னர் பல நாடுகளின் தென்னைகளை எண்ணியபோது, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இடச்சுருளும் தெற்கே வலச்சுருளும் சற்றே மிகுந்திருக்கக் கண்டனர். புவியின் காந்தப்புலத்தோடு இது தொடர்புடையதாகலாம் என்று கருதும் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மூன்றாம் புடைப்பு எப்பக்கம் ஒதுங்கிற்று என்னும் அத்துணைச் சிறிய தற்செயல், காயின் எண்ணிக்கையில் ஏன் தெரிய வேண்டும் என்பது இன்றும் தாவரவியலாரை மயக்கும் வினா.

டேவிசுக்கு இவ்வாய்வின் தொடக்கத்தில் தேவைப்பட்டவை கண்ணும் குறிப்பேடும் மட்டுமே. நம் மாணவர்க்கும் அவை போதும். செம்பனையின் முன் நின்று, அடிமரத்து எட்டு வரிகளுள் ஒன்றைக் கண்ணால் பற்றி மேலே செல்லுங்கள். அது வலப்புறம் சாய்ந்தால் 'வ', இடப்புறம் சாய்ந்தால் 'இ' என்று குறியுங்கள். எதிர்ப்புறம் ஓடும் பதின்மூன்று வரிகளைப் பற்றிவிட்டால் விடை தலைகீழாகும். ஆதலால் மரத்தைச் சுற்றி வந்து எட்டுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மரத்தின் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சாய்வு மாறாது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுள் பாதிப் பேர் இதனை முதலில் நம்பவில்லை. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள்.